மஞ்சணத்திப் பலகையில் ஒரு முகம்

மஞ்சணத்திப் பலகை செதுக்குவதற்கு இதமானது, ஐயா. உளி வழுக்காது. சங்கரன்கோவிலில் டிராயிங் வாத்தியாராகச் சேர்ந்ததிலிருந்து அதில்தான் படம் வெட்டி அச்செடுக்கிறேன்.

எழுபத்தாறில் பாளையங்கோட்டைப் பழைய புத்தகக் கடையில் ஒரு படத்தொகுப்பு கிடைத்தது. ஐந்நூறு வருடத்துக்கு முன்னால் ஜெர்மனியில் மரத்தில் வெட்டிய படங்கள். கிறிஸ்தவ வேதம் சொல்லும் உலக முடிவு. நான்கு குதிரைக்காரர்கள் பாய்ந்து வருகிறார்கள். குளம்படியில் மனிதர்கள் கிடக்கிறார்கள். பார்க்கிறவர்கள் குதிரைகளைத்தான் பார்ப்பார்கள். என்னால் கீழே கிடப்பவர்களை விட்டுக் கண் எடுக்க முடியவில்லை. அப்படி ஒரு முகமாவது வெட்டிவிட வேண்டும் என்றிருந்தது.

என் மனைவி சுந்தரம்மாளின் தம்பி உச்சிமாகாளியைத் தரையில் படுக்கவைத்து வரைந்தேன். கரிவலம்வந்தநல்லூரில் விவசாயம் பார்த்தவன். தங்கமானவன்.

"போதுமா அத்தான்? முதுகு வலிக்கு" என்று சிரிப்பான். இரண்டு வருடம் முயன்றும் அந்த முகத்தில் பயம் வரவில்லை.

போன ஐப்பசியில் அவன் பம்புசெட்டில் தண்ணீர் ஏறவில்லை. படி இடிந்த கிணறு. அடைப்பை எடுக்கக் கயிற்றைப் பிடித்து இறங்கினான். மேலே நான் மட்டும் நின்றேன். வேலை முடிந்ததும் கயிற்றை மேலே இழுத்துக்கொண்டேன்.

முதலில் விளையாட்டு என்று நினைத்தான். பிறகு, "கயித்தப் போடுங்க அத்தான், கை மரத்துப் போச்சு" என்றான். நீச்சல் தெரிந்தவன், பாசி பிடித்த குழாயைக் கட்டிக்கொண்டு ஒன்றரை மணி நேரம் தாங்கினான். நான்காவது தாளை எடுத்தபோதுதான் கவனித்தான்.

"அத்தான், படமா வரையுதீய?"

ஐந்தாவது தாளில் அந்த முகம் கிடைத்தது. அவன் மூழ்கிய பிறகு கயிற்றைக் கீழே போட்டுவிட்டு ஊருக்குள் ஓடினேன். வழுக்கி விழுந்தான் என்றேன். நம்பினார்கள்.

பலகையில் வெட்டி அச்செடுத்தேன். அன்று முதல் அந்தக் கண்கள் என்னை விடவில்லை. உளியால் சுரண்டி எடுத்தேன். அடுத்த தாளில் கண் இருந்த இடம் வெறும் வெள்ளையாக வந்தது. வெள்ளையாக இருந்தும் பார்த்தான்.

சுந்தரம்மாள் முதல் அச்சைக் கண்டெடுத்தாள். அழவில்லை. "எந்தம்பி யாரப் பாக்கான்?" என்று மட்டும் கேட்டாள். பிறகு அதைச் சுருட்டிக்கொண்டு இங்கே ஸ்டேஷனுக்கு வந்தாள்.

நான்தான் கொன்றேன், எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் இரக்கமில்லாதவன் என்று மட்டும் எழுதாதீர்கள். பிரியம் இல்லாத ஒருவனின் முகத்தை யாராவது அவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருப்பார்களா, ஐயா?