கீழ்ப் போர்ஷன் அடைப்பு

கொல்லையில் செம்பருத்தி இந்த வருஷம் நன்றாகப் பூத்திருக்கிறது, பார்த்தீர்களா மேடம்? உங்கள் கான்ஸ்டபிள் பெண்கூட ஒன்று பறித்துக்கொண்டாள். பறிக்கட்டும். அந்தச் செடி குடித்த தர்பூசணி ஜூஸ் காஞ்சிபுரத்தில் வேறெந்தச் செடிக்கும் கிடைத்திருக்காது.

கேட்டதற்கு ஒழுங்காகச் சொல்லிவிடுகிறேன். விக்ரமும் சுகாசினியும் தை மாதம் கீழ்ப் போர்ஷனுக்குக் குடிவந்தார்கள். அவனுக்கு ஸ்ரீபெரும்புதூரில் கம்பெனி வேலை. அவள் அப்போது நான்கு மாதம். அளவாகப் பேசுவாள், வாசலைச் சுத்தமாக வைத்திருப்பாள். எனக்கு அவளைப் பிடித்துத்தான் இருந்தது.

பங்குனியில் அவளுடைய அப்பன் ஒரு பலாப்பழத்தோடு வந்தான். என்னைக் கண்டதும் தோளில் கிடந்த துண்டு கக்கத்துக்குப் போய்விட்டது. முசரவாக்கத்தில் என் மாமனார் நிலத்தில் கூலிவேலை பார்த்த தேவசகாயம்.

"அம்மா, நீங்களா! எம் பொண்ணு உங்க வூட்லயா இருக்குது? இனிமே எனக்கு ஒரு கவலையும் இல்லம்மா" என்றான். கண்கூடக் கலங்கியது அவனுக்கு.

பலாப்பழத்தைத் தெருவில் போன மாட்டுக்குப் போட்டேன். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. எங்கள் வயலில் குனிந்து நின்றவன் மகள் என் வீட்டில், என் கழிப்பறையில்.

காலி பண்ணச் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். கர்ப்பிணியை வீட்டைவிட்டுப் போகச் சொல்வது பாவம் மேடம். தவிர, என் மகன் கலைவாணன் கவுன்சிலருக்கு நிற்கப் போகிறான். சாதி பார்க்கிற வீடு என்று பேர் வந்தால் அவன் கதி என்ன? அவர்களாகவே போகட்டும் என்று நினைத்தேன்.

பக்கத்துத் தெருத் தறிவீட்டில் வேஸ்ட் பட்டு நூல் கேட்டால் அள்ளிக் கொடுப்பார்கள். அதைப் பந்தாகச் சுற்றி, நடுவில் ஒரு கல்லை வைத்து, கொல்லையில் சாக்கடைச் சேம்பர் மூடியைத் திறந்து, கீழ் வீட்டுக் கழிப்பறைக் குழாய்க்குள் தள்ளிவிடுவேன். ஊறினால் பட்டு நன்றாகக் கெட்டிப்படும். பிறகு பிளம்பர் சபாபதியை நானே கூப்பிடுவேன். அவன் கம்பி விட்டுக் குத்தி வழி பண்ணிவிட்டுப் போவான். அவள் எனக்கு நன்றி சொல்வாள். இரண்டு நாள் கழித்து மறுபடியும் அடைப்பேன்.

அவர்கள் போகவில்லை. மாசமாக இருக்கும்போது வீடு மாறக்கூடாது என்று அவளுடைய அம்மா சொல்லிவிட்டாளாம். அந்தப் பழக்கமெல்லாம் அவர்களுக்கும் இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

சித்திரை வெயிலில் ஒருநாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மாடி ஏறி வந்தாள். "ஆன்ட்டி, உங்க பாத்ரூம ஒரே ஒரு வாட்டி யூஸ் பண்ணிக்கட்டுமா?"

குழாயில் தண்ணீர் வரவில்லை என்றேன். உள்ளே வாஷிங் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அவளுக்கும் கேட்டிருக்கும். அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை. தண்ணீர் குடிப்பதையே விட்டுவிட்டாள். விக்ரம் வேலை முடிந்து வந்து பஸ் ஸ்டாண்டு கழிப்பறைக்குக் கூட்டிப்போகும்வரை அடக்கிக்கொண்டே கிடப்பாள்.

உதடு வெடித்துவிட்டது. அப்போதுதான் தினமும் மத்தியானம் ஒரு டம்ளர் ஜூஸ் கொண்டுபோய்க் கொடுக்க ஆரம்பித்தேன். "குடிம்மா, சூடு தணியும்" என்பேன். நான் படியேறியதும் அவள் கொல்லைக்குப் போய்ச் செம்பருத்தியில் ஊற்றுவாள். ஜன்னலில் நின்று பார்ப்பேன். சந்தோஷமாகத்தான் இருந்தது, மறைக்க என்ன இருக்கிறது?

சபாபதி கடைசியாக வந்த அன்று பந்து முழுசாக வெளியே வந்துவிட்டது. "இன்னாம்மா இது, உள்ள கல்லு வச்சி சுத்திக்கீது?" என்று தூக்கிக் காட்டினான். சுகாசினி காய்ச்சலோடு கதவைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். பந்தைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"ஒரு வார்த்த சொல்லியிருந்தீங்கன்னா, நாங்களே காலி பண்ணிக்கினு போயிருப்போமே ஆன்ட்டி."

மறுநாள் குளிர்ஜுரம் கண்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். சிறுநீரில் கிருமியாம், ரத்தத்தில் கலந்துவிட்டதாம். முதலில் குழந்தை போயிற்று, அப்புறம் அவள்.

செய்தது நான்தான். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் சாதி என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அதெல்லாம் எங்கள் வீட்டில் கிடையாது. படிக்கட்டுக்கு அடியிலிருந்து எடுத்து உங்கள் முன்னால் வைத்திருக்கிறீர்களே, அந்த ஜூஸ் டம்ளர், அதை அங்கே தனியாக வைத்திருந்தது அவள் பிள்ளைத்தாச்சி என்பதால்தான் மேடம்.