சத்தமில்லாத இறக்கம்

கர்ரக்கென்று சத்தம் கேட்டதும் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டீர்கள். உட்காருங்கள் ஐயா, பயப்பட ஒன்றுமில்லை. ஸ்டேஷன் வாசலில் உங்கள் டிரைவர் ஜீப்பை ரிவர்ஸ் எடுக்கிறார். கிளட்ச்சை முழுதாக மிதிக்காமல் கியர் போட்டால் பல்லோடு பல் உரசிக் கத்தும். மிதித்தபின் ஒரு மூச்சு விட்டுவிட்டுப் போடச் சொல்லுங்கள், சரியாகிவிடும்.

என் மாப்பிள்ளையும் அப்படித்தான் துள்ளுவார். அவருக்கு அந்தச் சத்தம் தினமும் கேட்டது. அதனால்தான் இன்று உங்கள் முன்னால் வந்து உட்கார்ந்திருக்கிறேன்.

என் பட்டறை உங்களுக்குத் தெரியும். மலைப்பாதை இறங்கி முடிகிற இடத்தில், எடைமேடைக்கு எதிரே, தகரக் கூரை. பின்னாலேயே வீடு. மனைவி போனபோது மகள் கைக்குழந்தை. அவள் வளர்ந்ததெல்லாம் பட்டறையில்தான். பொம்மைக்குப் பதில் ஸ்பேனர். கிளட்ச் குழாயில் காற்று புகுந்துவிட்டால் அதை வெளியேற்ற இரண்டு பேர் வேண்டும். ஒருவர் சீட்டில் உட்கார்ந்து மிதிக்க வேண்டும், ஒருவர் வண்டிக்கு அடியில் படுத்து சின்ன நட்டைத் திறந்து மூட வேண்டும். "மிதி... பிடி... விடு" என்று கீழேயிருந்து நான் சொல்ல, கால் எட்டாத வயதில் சீட்டின் நுனிக்குச் சரிந்து வந்து மிதித்தவள் அவள். பிறகு வண்டி ஓட்டவும் நான்தான் கற்றுக்கொடுத்தேன். இந்த ஊர் டிரைவர்களில் பாதிப் பேருக்கு அவள் அளவுக்குக் கியர் போட வராது.

மாப்பிள்ளை நல்ல பையன். இதை நான் பலமுறை சொல்வேன், சலித்துக்கொள்ளாதீர்கள். மேலே கல் குவாரியில் பிக்கப் ஓட்டினார். வண்டி முதலாளியுடையது, பழுதுபார்ப்பு என்னுடையது. கல்யாணம் முடிந்து எங்கள் வீட்டோடு மாப்பிள்ளையாக வந்தார். குடிப்பதில்லை. என் மகளை ஒரு சொல் கடிந்து பேசியதில்லை. ஒரே குறை, கொஞ்சம் பயந்த சுபாவம். தெருநாய் குரைத்தால் என் பின்னால் வந்து நின்றுகொள்வார். "நாய்க்கு உங்க மேல தனி மரியாதை மாமா" என்று சிரித்துச் சமாளிப்பார்.

ஒருநாள் சாப்பிடும்போது சொன்னார்.

"மாமா, துறைமுகத்துல ஒரு கம்பெனியில டிரைவர் வேலை கிடைச்சிருக்கு. வீடும் குடுக்கிறாங்க. மாசக் கடைசியில கிளம்பலாம்னு..."

"நீங்களும் வாங்கப்பா" என்றாள் மகள்.

"பட்டறையை யாரு பாக்கிறது?"

"அப்ப நாங்க மாசம் ஒரு தடவை வந்துட்டுப் போறோம். இதுக்குப் போய் மூஞ்சியை ஏன் சைலன்சர் மாதிரி வச்சிருக்கீங்க?"

நானும் சிரித்தேன். சிரித்ததில் பொய் இல்லை. மறுநாள் இருவரும் பெட்டி வாங்கக் கடைக்குப் போனார்கள். வீட்டில் நான் மட்டும். குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. எழுந்து இறுக்கி மூடினேன். சொட்டுவது நின்றது. அதன்பிறகு வீட்டில் எந்தச் சத்தமும் இல்லை. ஐயா, இஞ்சின் நின்ற வண்டிக்குள் இருட்டில் உட்கார்ந்திருக்கிறீர்களா? அப்படி இருந்தது. போய் மறுபடி குழாயைத் திறந்துவிட்டேன்.

பயந்தது எனக்காக அல்ல, அவளுக்காக. முன்பின் தெரியாத நகரம், கண்டெய்னர் லாரிகள் ஓடும் சாலை, பக்கத்தில் பயந்த சுபாவமுள்ள ஒரு டிரைவர். பெற்றவன் எப்படிச் சும்மா இருப்பான்?

அந்த வாரம்தான் பிக்கப்பில் கியர் கத்த ஆரம்பித்தது. மேலேயிருந்து இறங்கும்போது மூன்றிலிருந்து இரண்டுக்கு மாற்றினால் கர்ரக். கடைசி வளைவில் அவர் மாற்றும்போது எங்கள் சமையலறை வரைக்கும் கேட்கும். மகள் வாசலுக்கு வந்து கத்துவாள்: "வண்டி ஓட்டச் சொன்னா மாவு அரைக்கிறீங்களா?" அவர் வெளிறிப்போய் இறங்குவார்.

வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தேன். கிளட்ச் குழாயில் காற்று, அவ்வளவுதான். அதனால் மிதித்தாலும் கிளட்ச் முழுதாக விடவில்லை. ஒருவர் மிதிக்க ஒருவர் திறந்தால், டம்ளரில் இருக்கும் டீ ஆறுவதற்குள் முடிகிற வேலை. மகள் அடுப்படியில்தான் இருந்தாள். கூப்பிட்டிருந்தால் கையைத் துடைத்துக்கொண்டு வந்திருப்பாள்.

நான் கூப்பிடவில்லை.

எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு மாப்பிள்ளையிடம் சொன்னேன்: "கியர்பாக்ஸ்ல பல்லு போயிருக்கு. சாமான் வரணும்."

"ஓட்டலாமா மாமா?"

"ஓட்டலாம். ஆனா இறக்கத்துல அந்தச் சத்தம் வரக் கூடாது. பல்லு ஒடைஞ்சு உள்ள சிக்கிக்கிச்சுன்னா பின்சக்கரம் அப்படியே பூட்டிக்கும். வண்டி குட்டிக்கரணம் போடும்."

அவர் வண்டியை விட்டு ஓரடி தள்ளி நின்றார்.

"அப்ப என்ன பண்றது?"

"ரெண்டாவது கியரே போடாதீங்க மாப்பிள்ளை. வளைவு வந்ததும் நியூட்ரல்ல விட்டுட்டு பிரேக்லயே இறங்குங்க."

"பிரேக் தாங்குமா?"

"நான்தானே போட்டிருக்கேன். தாங்கும்."

இந்த மலையில் ஜீப்பில் ஏறி இறங்குகிற உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பாரத்தோடு இறங்குகிற வண்டியைப் பிடித்து நிறுத்துவது கியர்தான். கியரை விட்டுவிட்டால் முழுப் பாரமும் பிரேக்கின் தலையில். அது சூடேறும், உள்ளே ஆயில் கொதிக்கும், பிறகு மிதித்தால் பஞ்சுத் தலையணையை மிதிப்பதுபோல் கால் உள்ளே போகும். வண்டி நிற்காது.

இன்னொன்றும் சொன்னேன். "அவகிட்ட இதைச் சொல்ல வேண்டாம், பயந்துடுவா." அவள் பயப்பட மாட்டாள், ஐயா. அவளிடம் சொன்னால் வாய்விட்டுச் சிரித்திருப்பாள். பிறகு வண்டிக்கு அடியில் போய்ப் பார்த்திருப்பாள். பார்த்தபின் என் முகத்தைப் பார்த்திருப்பாள்.

அரைப் பாரத்தோடு சில நாள் அவர் அப்படி இறங்கினார். சத்தமே இல்லை. முகத்தில் ரத்தம் திரும்பியது. "உங்க வாய்ச்சொல்லே ஸ்பேனர் மாதிரி மாமா, கைய வைக்காமயே சரி பண்ணிட்டீங்க" என்றார். அந்த வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஒவ்வொரு மாலையும் வாசலில் நின்று காதைத் தீட்டிக்கொண்டு காத்திருப்பேன். வண்டி பத்திரமாக வந்து நின்றதும் உள்ளே போய்ப் படுத்துவிடுவேன். நிம்மதியா, ஏமாற்றமா என்று என்னை நானே கேட்டுக்கொள்ளவில்லை.

நான் நினைத்தது சின்ன விஷயம்தான். கடைசி வளைவில் சாலை வேலைக்காகக் கொட்டிய மணல் மேடு ஒன்று இருந்தது. வண்டி அதில் போய்ச் செருகிக்கொள்ளும். ஒரு கால் முறியலாம். கால் முறிந்தவனுக்குத் துறைமுகத்தில் யார் வேலை கொடுப்பார்கள்? இங்கேயே இருப்பார்கள். நான் பார்த்துக்கொள்வேன். என் கணக்கில் யாரும் சாகவில்லை.

பிறகு சாலைக்காரர்கள் மணலை அள்ளிக்கொண்டு போனார்கள். அதை நான் பார்த்தேன். டீக்கடைக்குப் போகிற வழியில் நின்றே பார்த்தேன். மணல் இருந்த இடத்தில் வெறும் கருங்கல் சுவர். அன்று மாலையும் மாப்பிள்ளையிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. என்ன சொல்வது? இத்தனை நாள் சொன்னது தப்பு என்றா? ஏன் என்று கேட்டால்?

ஊரை விட்டுக் கிளம்புவதற்கு முன் அவருக்குக் கடைசி லோடு. முழுப் பாரம் என்று முதலாளி முந்தின நாளே சொல்லியிருந்தார். காலையில் வண்டியைக் கிளப்பும்போது மகள் சேலையைச் செருகிக்கொண்டு ஓடிவந்து பக்கத்து சீட்டில் ஏறினாள்.

"மேல என் சிநேகிதியைப் பாத்துச் சொல்லிட்டு வந்துடறேம்பா."

என் கையில் ஸ்பேனர் இருந்தது. அந்த நட்டுக்கு அதே ஸ்பேனர்தான். "இறங்கும்மா, ஒரு நிமிஷம் மிதி" என்றால் போதும். சின்ன வயதிலிருந்து அவளிடம் எத்தனை முறை சொன்ன வார்த்தை. நாக்கு நுனி வரைக்கும் வந்தது. என்மேல் சத்தியமாக வந்தது.

ஆனால் வண்டிக்கு அடியில் நான் படுத்து, அவள் மிதித்து, சத்தம் நின்றுவிட்டால் மாப்பிள்ளை கேட்பாரே. பல்லு போயிருக்குன்னு சொன்னீங்களே மாமா? அவள் திரும்பிப் பார்ப்பாளே. அந்தப் பார்வையை நினைத்ததும் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டேன்.

"பத்திரம்" என்றேன்.

"நீங்க மொதல்ல சாப்பிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

பிற்பகலில் பட்டறைக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கியரில் இறங்கும் டீசல் வண்டி உறுமும். தூரத்திலேயே கேட்கும். கியரில் இல்லாத வண்டி, தூங்குகிற ஆளின் மூச்சுப்போல மெதுவாகத்தான் ஓடும். அந்த மூச்சுதான் கேட்டது. கூடவே டயரின் சீறல், காற்று கொண்டுவந்த கருகல் நாற்றம். அந்த ஒரு கர்ரக் வராதா என்று காதைக் கொடுத்தேன். அவள் பக்கத்தில் இருக்கிறாள், அவளுக்குத் தெரியும், நியூட்ரலில் ஒருமுறை ஆக்ஸிலரேட்டரை அழுத்தச் சொல்லிவிட்டு இரண்டாவதைத் திணித்துவிடுவாள் என்று நம்பினேன். நான் கற்றுக்கொடுத்ததாயிற்றே.

கர்ரக் வரவில்லை. கல் சுவரின் சத்தம்தான் வந்தது.

மீதி உங்களுக்குத் தெரியும். மாப்பிள்ளையை வெளியே எடுத்தபோது உயிர் இல்லை. மகளுக்கு இடுப்பெலும்பு முறிந்திருந்தது. வண்டியைப் பார்க்க நீங்கள் என்னைத்தான் கூப்பிட்டீர்கள். பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போய்விட்டது என்றேன். உண்மை. நியூட்ரலில் ஏன் வந்தார் என்று கேட்டீர்கள். பயந்த டிரைவர்கள் அப்படிச் செய்வதுண்டு என்றேன். அதுவும் உண்மை. அந்தப் பயம் யார் வைத்தது என்று நீங்கள் கேட்கவில்லை.

அவரை நான்தான் கொன்றேன். கை படாமல், ஒரு நட்டைக்கூடத் தளர்த்தாமல். எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் என் மகளுக்கு நான் ஒரு குறையும் வைக்கவில்லை, அதையும் எழுத வேண்டும். வேளாவேளைக்கு ஊட்டுகிறேன். தலை வாரிவிடுகிறேன். கட்டிலைச் சமையலறைக்குப் பக்கத்திலேயே போட்டிருக்கிறேன். வீட்டில் இப்போது ஆள் இருக்கிறது. குழாயைத் திறந்துவைக்க வேண்டியதில்லை.

ஒரே ஒரு சங்கடம், அவள் பேசவில்லை. நடந்ததிலிருந்து ஒரு வார்த்தை இல்லை. கூரையையே பார்த்துக்கொண்டிருப்பாள். அதுவே நல்லது என்றும் ஒரு பக்கம் நினைத்தேன்.

இன்று காலை டீயை ஆற்றிக்கொண்டிருந்தேன். எடைமேடையில் ஏதோ ஒரு லாரி, உங்கள் ஜீப் மாதிரியே, கர்ரக்கென்று கியர் போட்டது. அவள் சட்டென்று என் மணிக்கட்டைப் பிடித்தாள். விரல்கள் ஐஸ் மாதிரி இருந்தன. டீ என் காலில் கொட்டியது. அவள் முகத்தைத் திருப்பி என்னைப் பார்த்தாள். நான் பயந்திருந்த அதே பார்வை. இத்தனை நாள் கழித்து வாயைத் திறந்தாள். கேட்டதும் செருப்புக்கூடப் போடாமல் நேரே இங்கே வந்துவிட்டேன். அவள் சொன்னது இதுதான், ஒரு எழுத்தும் நான் மாற்றவில்லை:

"ரெண்டாவது போட நான் கியர்ல கைய வச்சேம்பா. அவருதான் என் கைய இறுக்கிப் புடிச்சுக்கிட்டு, 'வேணாம்மா, மாமா போடக் கூடாதுன்னு சொல்லியிருக்காரு'ன்னாரு."