மலை பஸ்ஸில் பிரேக் போட்டவர்

என் கையெழுத்து கோணல், எழுத்துப் பிழையும் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். ஜமுனாமரத்தூர் போகும் காலை பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் கேட்டது இது.

"இன்னாங்க, ஒவ்வொரு வளைவுக்கும் என் காலை மிதிக்கிறீங்க?" என்றார் ஒரு வாத்தியார்.

பக்கத்திலிருந்த ஆபீஸ்காரர் கூசிப்போனார். "மன்னிச்சுக்கோங்க சார், பிரேக் போடுறேன். பத்து வருஷமா இந்த மலையில கார் ஓட்டின காலு. போன மாசம் ஓட்டும்போதே கண்ணசந்துட்டேன். பஸ்ல போ, இல்லன்னா வேலைய வுடுன்னுட்டா வூட்டுக்காரி."

"பிரேக் போட டிரைவர் இருக்காருங்க. உங்களை நம்பியா நாங்க ஏறினோம்? ஜன்னல் பக்கம் வாங்க."

மாறி உட்கார்ந்தார். "அட, இங்க ஓடை இருக்குதா? ரோட்டை மட்டுமே பார்த்துனு போயிருக்கேன்."

இறங்கியதும் வீட்டுக்குப் போன் போட்டார். "வேலைய வுட வேணாம். நாளைக்கும் அஞ்சு மணிக்கே எழுப்பு."

எழுதியது: ஐப்பசி ஐந்து, புதன்கிழமை.