ஏழாவது கார்

அவள்: இந்தக் காரும் வேணாம்.

தரகர்: அக்கா, இன்னும் கதவே திறக்கலையே!

அவள்: திறக்காமலே தெரியுது. சிவப்பு.

அவர்: சிவப்புக்கு என்னம்மா?

அவள்: பிளட் பேங்க்ல எட்டு மணி நேரம் ரத்தப் பையையே பாத்துட்டு வர்றேன். வீட்டுக்கு வர்ற வழியிலயும் சிவப்பா?

தரகர்: உள்ள உக்காந்துட்டா வெளி கலர் தெரியாதுக்கா.

அவர்: அதுவும் சரிதானே.

அவள்: நீங்க யார் பக்கம்? என் பக்கமா, தம்பி பக்கமா?

அவர்: நான் மைலேஜ் பக்கம். தம்பி, லிட்டருக்கு எவ்வளவு குடுக்கும்?

தரகர்: பழைய வண்டிதான்ணே, பொய் சொல்ல மாட்டேன். இருபத்திரண்டு. ஏசி போடாம பதமா ஓட்டினா இருபத்திநாலு வரைக்கும் போகும்.

அவர்: போக எழுபத்திநாலு கிலோமீட்டர். வர எழுபத்திநாலு. நூத்தி நாப்பத்தெட்டு. அப்போ ஒரு நாளைக்கு... ஆறே முக்கா லிட்டர்.

அவள்: ஆரம்பிச்சாச்சு! தம்பி, மோட்டார் காயில் சுத்தற ஆளுக்கு வாக்கப்பட்டா இதுதான். எதைப் பாத்தாலும் எண்ணிக்கை. சோறு போட்டா எத்தனை கரண்டின்னு எண்ணுவார்.

தரகர்: எங்க வீட்டுத் தண்ணி மோட்டார் அண்ணன் கட்டினதுதான்க்கா. நாலு வருஷமா ஒரு மூச்சுத் திணறல் கிடையாது. அண்ணன் எதைக் கையில எடுத்தாலும் சீக்கிரம் பிடிச்சுக்கிறார். மச்சான் கூடச் சொன்னான், இந்த வயசுல கிளட்ச்...

அவர்: தம்பி! டயர் எப்படி இருக்கு?

தரகர்: ஆ... டயர்! டயர் புதுசுண்ணே. நாலும் புதுசு.

அவள்: கிளட்ச்சுக்கு என்ன?

தரகர்: கிளட்ச்... கிளட்ச்சும் புதுசுக்கா.

அவள்: எல்லாம் புதுசுன்னா ஏன் விக்கிறாங்க?

அவர்: நீ முதல்ல உள்ள உக்காந்து பாரு. இன்னிக்கு வெள்ளி. திங்கக்கிழமை காலையில ஏழு மணிக்கு, மாத்தின ஆஸ்பத்திரியில நிக்கணும். முதல் பஸ் இங்க கிளம்புறதே ஆறரைக்கு. கார் இல்லன்னா அங்கேயே தங்க வேண்டியதுதான்.

அவள்: தெரியும்.

அவர்: வாரத்துல ஆறு நாள்.

அவள்: தெரியும்னு சொன்னேன்ல? விரல் விட்டு எண்ண வேணாம்.

அவர்: பையனும் ஹாஸ்டல்ல இருக்கான். வீட்டுல நான் ஒருத்தன்...

அவள்: ஐயோ, போதும். சாவியக் குடுங்க தம்பி. ஓட்டிப் பாக்கறேன்.

தரகர்: அப்பாடா! அக்கா, கோவிச்சுக்கக் கூடாது. இது ஏழாவது கார். முதல் கார்ல ஏதோ வாடைன்னீங்க. ரெண்டாவது காரோட ஹாரன் அழுவுற மாதிரி இருக்குன்னீங்க. மூணாவதுல கண்ணாடியில உங்க மூஞ்சி குண்டா தெரியுதுன்னீங்க.

அவள்: தெரிஞ்சுதே!

தரகர்: நாலாவது சத்தம் போடுதுன்னீங்க. சரின்னு அஞ்சாவதா சத்தமே இல்லாத கார் கொண்டுவந்தேன். இவ்வளவு அமைதியா இருந்தா எப்படி ஓட்டுறதுன்னீங்க.

அவள்: ஆமா... அமைதியா இருந்தா ஓட்ட முடியாது.

அவர்: ஏன் முடியாது?

அவள்: முடியாதுன்னா முடியாது. ஆறாவதை விட்டுட்டாரு பாருங்க.

தரகர்: ஆறாவது நல்லாத்தான்க்கா இருந்துச்சு. நீங்களே சொன்னீங்க. அப்புறம் வீட்டுக்குப் போய், வேணாம்னு போன் பண்ணீங்க. காரணமே சொல்லல.

அவள்: ...சீட் உயரமா இருந்துச்சு.

அவர்: சீட்னதும் ஞாபகம் வருது. இரு, இரு, ஸ்டார்ட் பண்ணாத. இந்த ஓட்டுற சீட்ட பின்னாடி தள்ளு. இன்னும்... இன்னும் கொஞ்சம்... அவ்வளவுதானா போகும்?

அவள்: என்னங்க இது! எனக்குக் கால் பெடலுக்கே எட்டல. டிக்கியில உக்காந்து ஓட்டச் சொல்றீங்களா?

அவர்: இல்லம்மா... ஒரு பேச்சுக்கு. நெட்டையா யாராவது ஓட்டணும்னா?

அவள்: வீட்டுல ஒரே ஒரு நெட்டைதான். அது சைக்கிளத் தவிர எதையும் தொட்டதில்ல.

தரகர்: ஹ... ஹக்...

அவள்: தம்பிக்கு என்ன, இருமல்?

தரகர்: தூசிக்கா. தூசி.

அவர்: நீ முன்னாடி இழுத்துக்க. நான் இந்தப் பக்கம் ஏறிக்கறேன். தம்பி பின்னாடி ஏறட்டும். ம்... இந்த சீட் எவ்வளவு தூரம் சாயும்?

தரகர்: பக்கத்துல இருக்கற லிவர இழுத்துட்டு முதுகால தள்ளுங்கண்ணே... ஹாங்! என் முட்டி, என் முட்டி!

அவர்: நல்லா சாயுது. கட்டில் மாதிரி.

அவள்: நான் ஆஸ்பத்திரிக்குப் போறேங்க, பக்கத்து சீட் கட்டிலா இருந்தா எனக்கு என்ன? நிமிந்து உக்காருங்க.

அவர்: ஹெட்லைட்டு ஒரு தடவை போடு.

அவள்: மத்தியானம் பன்னெண்டு மணிக்கா?

அவர்: ராத்திரி வர்றதுக்கு வெளிச்சம் வேணுமில்ல.

அவள்: என் டியூட்டி மூணு மணிக்கு முடியுது. அஞ்சுக்குள்ள வீட்டுல இருப்பேன். எங்க ராத்திரி வருது?

அவர்: ...மழைக்காலத்துல சீக்கிரம் இருட்டுமே.

அவள்: உங்களுக்கு என்னமோ ஆயிருச்சு. காலையில வாக்கிங் போக ஆரம்பிச்சதுலேர்ந்து ஒரு மாதிரியாத்தான் இருக்கீங்க. ஆறு வாரமா விடியறதுக்குள்ள ஷூவ மாட்டிட்டு ஓடறாருப்பா. தொப்பை ஒரு நூல் குறையல.

தரகர்: ஹக்...

அவள்: தண்ணி குடிங்க தம்பி.

அவர்: கிளம்பு, கிளம்பு. நேரா பெரிய ரோட்டுக்குப் போ.

அவள்: போறேன், விரட்டாதீங்க... ம். கியர் லேசா விழுது.

தரகர்: வெண்ணெய்க்கா.

அவள்: பிரேக்கும் பிடிக்குது...

தரகர்: அப்போ முடிச்சுடலாமா?

அவள்: அதுக்குள்ள என்ன அவசரம்? ஜன்னலை இறக்குங்க. எல்லா ஜன்னலும்.

அவர்: வெயிலும் புழுதியும் அடிக்குதேம்மா, ஏசி போடவா?

அவள்: வேணாம்! குளுகுளுன்னு இருந்தா... வேணாம். காத்து மூஞ்சில அடிக்கட்டும். யாராவது ஏதாவது பேசிட்டே வாங்க.

தரகர்: பாட்டு போடட்டுமாக்கா?

அவள்: பாட்டு வேணாம். பேசுங்க. சும்மா எதையாவது பேசுங்க.

அவர்: முன்னாடி ஒரு வேகத்தடை வரும். அதுக்கப்புறம் ஒரு வளைவு, உடனே இன்னொரு வேகத்தடை. மொத்தம் அங்க போறவரைக்கும் பத்தொம்பது.

அவள்: உங்களுக்கு எப்படித் தெரியும்?

அவர்: ...மோட்டார் டெலிவரிக்குப் போனேனே.

அவள்: அவ்வளவு தூரத்துலேர்ந்து யார் உங்ககிட்ட மோட்டார் குடுத்தா?

அவர்: ரோட்டப் பாத்து ஓட்டு.

அவள்: பாத்துட்டுத்தான் இருக்கேன்! நான் என்ன, கண்ண மூடிட்டு ஓட்டுறேன்னா நினைக்கிறீங்க? ...ஐயோ!

தரகர்: அம்மா! மூக்கு!

அவர்: என்ன, என்னாச்சு? ஏன் இப்படி பிரேக் அடிச்ச?

அவள்: நாய்... நாய் குறுக்க வந்துச்சு.

தரகர்: நாயா? ரோடு காலியா இருக்கேக்கா. ஓரத்துல மணல்தான் கொட்டி வச்சிருக்கான், வீடு கட்டறதுக்கு.

அவள்: நாய்தான். நான் பாத்தேன்.

அவர்: வண்டிய ஓரம் கட்டும்மா. மெதுவா... ஹாங், அப்படித்தான். எஞ்சினை நிறுத்து.

அவள்: எனக்கு ஒண்ணும் இல்ல. திரும்பிப் போகலாம்.

அவர்: தம்பி, அந்தக் கடையில ஒரு தண்ணி பாட்டில் வாங்கிட்டு வாங்களேன்.

தரகர்: டிக்கிலயே இருக்குண்ணே, ரெண்டு பாட்டில்...

அவர்: கடையில வாங்கிட்டு வாங்க.

தரகர்: ஆ... சரிண்ணே. மெதுவாவே வர்றேன்.

அவள்: அவரை எதுக்கு விரட்டுறீங்க? இந்தக் கார் வேணாம், அவ்வளவுதான். பிரேக் சரியில்ல.

அவர்: இப்பத்தான் பிரேக் பிடிக்குதுன்ன.

அவள்: அளவுக்கு மேல பிடிக்குது.

அவர்: மாடிப்படியில வழுக்கி விழுந்தேன்னு முட்டில கட்டுப் போட்டுட்டு வந்தியே... ராத்திரி டியூட்டி முடிஞ்ச காலையில.

அவள்: ஆமா. ஆஸ்பத்திரிப் படி. ஈரமா இருந்துச்சு.

அவர்: அன்னிக்கு சாயங்காலம் உன் ஸ்கூட்டரைத் துடைச்சேன். கால் வைக்கிற இடத்துல ரப்பர் பாய் இருக்கில்ல, அதைத் தூக்கினேன். அடியில ரெண்டு கை மணல்.

அவள்: ...அதுக்கு?

அவர்: ஆஸ்பத்திரிப் படியில யாரும் ஸ்கூட்டர்ல ஏற மாட்டாங்க.

அவள்: அன்னிக்கே கேட்டிருக்க வேண்டியதுதானே!

அவர்: நீயா சொல்லுவன்னு இருந்தேன்.

அவள்: எப்படிங்க சொல்லுவேன்? அப்பா காரைப் பதினெட்டு வயசுலேர்ந்து ஓட்டினவ நான். கண்ண மூடினதே தெரியல. ஒரு நொடிதான்... முழிச்சா மணல்ல கிடக்கறேன். மணலா இருந்துச்சு. அதுவே லாரியா இருந்திருந்தா? அதுலேர்ந்து எஞ்சின் ஒரே சீரா உறுமினாலே பயமா இருக்குங்க. இதுல விடிகாலை அஞ்சு மணிக்கு, எழுபத்திநாலு கிலோமீட்டர்...

அவர்: தண்ணி வரட்டும். அழாத.

அவள்: அழல! ட்ரான்ஸ்பர் ஆர்டர் கையில வந்த நாள்லேர்ந்து நீங்க பைத்தியம் மாதிரி கார் தேடுறீங்க. உங்க பட்டறைச் சுவர் பூரா மைலேஜ் எழுதி வச்சிருக்கீங்க. நான் தினம் வீட்டுக்கு வந்துடணும்னு அவ்வளவு ஆசையா இருக்கற ஆள்கிட்ட, எனக்கு ஓட்ட பயமா இருக்குன்னு எந்த வாயால சொல்ல? அதான் வாடைன்னேன், கலருன்னேன்...

அவர்: ஹாரன் அழுவுதுன்ன.

அவள்: சிரிக்காதீங்க. இன்னொண்ணும் இருக்கு. திட்டக் கூடாது.

அவர்: அங்க லேடீஸ் ஹாஸ்டல்ல தங்கறதுக்கு எழுதிக் குடுத்திருக்க.

அவள்: ...அது எப்படி?

அவர்: ஃபாரத்துல ரெண்டாவது நம்பரா என் நம்பரை எழுதியிருக்க. உன் லைன் கிடைக்கலன்னு வார்டனம்மா எனக்குப் போன் பண்ணாங்க. கட்டில் காலி இல்லையாம், அடுத்த மாசம் பாக்கலாமாம்.

அவள்: எப்போ?

அவர்: பத்து நாள் ஆச்சு.

அவள்: பத்து நாளா தெரிஞ்சும் சும்மா இருந்தீங்களா! நான் பதில் வரும், பதில் வரும்னு போனையே பாத்துட்டு... இப்போ நான் எங்க போய்த் தங்குவேன்? இன்னும் மூணு நாள்தான் இருக்கு!

அவர்: என் சட்டைப் பையில கைய விடு.

அவள்: என்ன இது, சாவி?

அவர்: ஆஸ்பத்திரிக்குப் பின்னாடி தெருவுல ஒரு ரூம். மாடி. ஒரு சின்ன சமையலறை. ஜன்னலைத் திறந்தா உங்க பில்டிங் தெரியும். நடந்து பாத்தேன், முன்னூத்திப் பத்து அடி வச்சா வாசல். ஆறரை மணி வரைக்கும் நீ நிம்மதியா தூங்கலாம்.

அவள்: மோட்டார் டெலிவரின்னது இதுதானா?

அவர்: ம்.

அவள்: அப்போ... என்னை அங்க விட்டுட்டு இருக்க முன்னாடியே தயாராயிட்டீங்க.

அவர்: அப்படி இல்லம்மா...

அவள்: வேற எப்படி? நான் ஒருத்தி, உங்களை விட்டுட்டு எப்படி இருப்பேன்னு ராத்திரியெல்லாம் புரண்டு புரண்டு படுத்தேன். அதை எப்படிச் சொல்றதுன்னு தெரியாம மென்னு முழுங்கிட்டு இருந்தேன். நீங்க பாட்டுக்குப் போய் ரூமைப் பிடிச்சு சாவியையும் பையில போட்டுட்டு... அப்புறம் இந்த ஏழாவது கார் எதுக்கு? நான் இல்லாத வீட்டு வாசல்ல நிறுத்தி வச்சுத் துடைக்கவா?

அவர்: சொல்ல விடேன்.

அவள்: ஓட்டத் தெரிஞ்சவ அங்க. கார் இங்க. ஆறே முக்கா லிட்டர், பத்தொம்பது வேகத்தடை... யாருக்கு இந்தக் கணக்கெல்லாம்?

தரகர்: அண்ணே, தண்ணி... வரலாமா? இல்ல இன்னொரு பாட்டில் வாங்கிட்டு வரட்டுமா?

அவர்: வாங்க தம்பி. அக்காகிட்ட பாட்டிலைக் குடுங்க. நீ இறங்கி இந்தப் பக்கம் வா.

அவள்: எதுக்கு?

அவர்: பட்டறைய ஆறு மணிக்கு மூடினா எட்டுக்கு உன் ரூம் வாசல்ல இருப்பேன். காலையில உன்னை எழுப்பி விட்டுட்டுக் கிளம்பினா எட்டரைக்குப் பட்டறையத் திறந்துடலாம். நீ தினமும் வர வேணாம். நான் வர்றேன்.

அவள்: எதுல? சைக்கிள்லயா?

தரகர்: அண்ணே, இனிமே சொல்லலாமா? அக்கா, ஆறு வாரமா இருமி இருமி எனக்குத் தொண்டையே போச்சு! எங்க மச்சானோட டிரைவிங் ஸ்கூல்ல தினம் விடியக்காலையில முதல் ஆள் அண்ணன்தான். முதல் வாரமே மச்சானோட மதில் சுவரை இடிச்சுட்டாரு. ஆனா போன வாரம் லைசன்ஸ் வாங்கிட்டாருக்கா!

அவள்: என்னங்க... அப்போ வாக்கிங்?

அவர்: ஒரு நாள் கூடப் போகல. நகரு, அந்த சீட்ட நல்லா சாய்ச்சுக்க... நான் ஓட்டுறேன், தூக்கம் வந்தா தூங்கு.