மூன்றாவது சட்டை

கடலம்மா கோயில் குழுத் தலைவர் ட்சாய் அவர்களே, முன்வரிசைப் பெரியவர்களே, சிப்பி உடைத்த ஈரக் கையோடு வந்து அமர்ந்திருக்கும் என் தாய்மார்களே! அம்மன் புகழ் பேசத்தான் என்னை மேடையேற்றினீர்கள். நான் என் பாவத்தைப் பேச வந்திருக்கிறேன்.

பயந்த குழந்தைக்கு உயிரைக் கூப்பிடுகிறவள் நான். அரிசிக் கிண்ணத்தைக் குழந்தையின் சட்டையில் சுற்றி, ஊதுபத்தி காட்டி, ஓடிப்போன உயிரை அழைப்பேன். ஐந்து வருடத்துக்கு முன் ஒரே வாரத்தில் இரண்டு சட்டைகள் வந்தன. ஒன்று மீன் ஏற்றுமதி செய்யும் லியாவ் வீட்டுப் பையனுடையது. மற்றொன்று சிப்பி உடைக்கும் சியூயுன் மகள் யாச்சினுடையது. இருவருக்கும் இரண்டு வயது. இருவரும் பேசவில்லை. கூப்பிட்டால் திரும்பவில்லை.

லியாவ் வீட்டம்மாவிடம் என்ன சொன்னேன்? "கார்தான் இருக்கே, சியாயி டவுன் பெரிய ஆஸ்பத்திரியிலயும் ஒரு தடவ காட்டிடுங்கம்மா."

சியூயுனோ, நர்ஸ் எழுதித் தந்த ஆஸ்பத்திரிச் சீட்டை நீட்டி, "அத்தே, நானும் போகட்டுமா?" என்றாள்.

"ஏண்டி, கடலம்மா மேல நம்பிக்கை இல்லியா? நாள் முழுக்க நீ சிப்பிக் கூடையில தலைய விட்டுக்கிட்டிருந்தா புள்ள யாருகிட்ட பேசும்?"

கார் வைத்திருந்தவளுக்கு மருத்துவர். சிப்பிக் கத்தி பிடித்தவளுக்கு வசவா? அவன் மௌனத்துக்கு ஆட்டிசம் என்று பெயர்; இவள் மௌனத்துக்கு வளர்ப்பு சரியில்லை என்று பெயரா?

யாரது, "விதி"ன்னு முணுமுணுக்கிறது? வூ அண்ணே, அந்த விதிக்கு லியாவ் வீட்டு வாசல் மட்டும் தெரியாம போச்சா?

அந்தப் பையன் இப்போது "தண்ணி வேணும்" என்று கேட்கிறான். யாச்சினுக்குப் பல் வலித்தால் சொல்லத் தெரியாது. தலையைச் சுவரில் மோதுவாள். ஏழு வயதில்தான் மருத்துவர் பார்த்தார். "முன்னாடியே வந்திருக்கலாமே" என்றார். சியூயுன் என் பெயரைச் சொல்லவில்லை. தலையைக் குனிந்துகொண்டாள். முன்பே போயிருந்தால் பேசியிருப்பாளா? தெரியாது. தெரிந்துகொள்ளும் வழியைத்தான் நான் அடைத்துவிட்டேன்.

இன்று காலை சியூயுன் மூன்றாவது சட்டையோடு வந்தாள். இளைய மகளுடையது. அவளும் கூப்பிட்டால் திரும்புவதில்லையாம்.

நான் சட்டையை வாங்கவில்லை. "நாளைக்கு முதல் பஸ்ஸுல ஆஸ்பத்திரிக்குப் போறோம். நானும் வரேன்."

"என் நாலு கூடைய யாரு அத்தே உடைப்பா? ஒரு நாள் போகலன்னா முதலாளி வேற ஆள வச்சிடுவாரே."

தாய்மார்களே, யார் உடைப்பீர்கள்? யார்? என்ன, எல்லாரும் செருப்பையே பாக்குறீங்க?

ஆ, ட்சூ அக்கா! ரெண்டு கூடையா? நல்லா இருங்கக்கா. இன்னும் இரண்டு இருக்கிறது. லியாவ் வீட்டம்மா, கத்தி பிடிக்கத் தெரியாதேன்னு யோசிக்காதீங்க, இன்னிக்கே சொல்லித் தரேன்.

தலைவருக்கு நன்றி. பொறுமையாகக் கேட்ட பெரியவர்களுக்கு நன்றி. வணக்கம் மட்டும் இப்போது சொல்லமாட்டேன். அந்த இரண்டு கூடைக்கும் கை எழும்பட்டும். அதுவரை இந்த மேடையிலேயே நிற்கிறேன்.