ஓரத் துண்டுகள்

இசைவாணி எனக்குத் தர வேண்டியிருந்தது எட்டாயிரத்து அறுநூறு ரூபாய். அதை நான் ஒருநாளும் நெருக்கிக் கேட்டதில்லை. வில்லாபுரத்தில் எங்கள் தெருவில் யாரை வேண்டுமானாலும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

வாக்குமூலத்தைத் தானே எழுதிக்கொள்வதாக ஏட்டையா சொன்னார். வேண்டாம் என்றேன். மூட்டை தூக்கிவிட்டு வந்து, ஐம்பது வயதுக்கு மேல் முதியோர் வகுப்பில் உட்கார்ந்து கற்ற எழுத்து ஐயா இது. கோணலாகத்தான் இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

இசைவாணி பக்கத்து வீடு. புருஷன் திருப்பூருக்கு வேலைக்குப் போனவன் திரும்பவில்லை. ஒரே பெண் சத்யப்ரியா, இரண்டாம் வகுப்பு. இசைவாணி செல்போனைப் பார்த்து பிரவுனி செய்யக் கற்றுக்கொண்டாள். முதல்நாள் ஒரு துண்டைத் தட்டில் வைத்துக் கொண்டுவந்தாள்.

“என்ன தாயி, கேக்கு கருகிப்போச்சா?” என்று கேட்டேன்.

“அண்ணே, இதுக்குப் பேரே பிரவுனி. கருப்பாத்தேன் இருக்கும். தின்னுட்டுப் பேசுங்க.”

தின்றேன். நன்றாகத்தான் இருந்தது. என் மனைவி ஜெயக்கொடி அன்றைக்கே தோட்டைக் கழற்றிக் கொடுத்தாள். “பொம்பளப் புள்ளைய வச்சுக்கிட்டு அவ என்னதான் செய்வா, அடகு வச்சு அடுப்பு வாங்கிக் குடுங்க” என்றாள். அப்படி வந்த கடன்தான் அது. அடுப்பு என்றால் கரண்டு அடுப்பு. இட்லிப் பானையில் வைத்தால் ஒரு நேரத்துக்குப் பத்துத் துண்டு வரும், இதில் நாற்பது வரும்.

வெண்ணெய்க்குப் பதில் டால்டா போட்டாள். முட்டைக்குப் பதில் தயிர். கோகோ தூளைச் சில்லறையாக வாங்கினாள். ஆனால் பிள்ளைகள் கருப்புக் கேக்கைப் பார்த்து வாங்குவதில்லை. மேலே பதித்திருக்கிற கலர் பட்டன் மிட்டாய், ஜெல்லி, உடைத்த கடலை மிட்டாய், இவற்றைப் பார்த்துத்தான் கை நீட்டுகிறார்கள்.

“மேல போடுற மிட்டாய்க்கே லாபம் பூராம் போயிருதுண்ணே. உங்களுக்கு எம்புட்டு நாளைக்குத்தான் தவணை சொல்றது” என்றாள்.

ஆடி முடிவதற்குள் மீட்காவிட்டால் தோடு ஏலத்துக்குப் போகும் என்று அடகுக் கடையில் சொல்லிவிட்டார்கள். ஜெயக்கொடி காதில் ஈர்க்குச்சியைச் செருகிக்கொண்டு சோறு போட்டாள். ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவள் கேட்டிருந்தால்கூட எனக்கு இம்புட்டுக் கஷ்டமாக இருந்திருக்காது. ஆகையால் மிட்டாயை நானே கொண்டுவருகிறேன் என்று இசைவாணியிடம் சொன்னேன்.

நான் வேலை பார்ப்பது காளவாசல் பக்கம் ஒரு மிட்டாய் குடோனில். கடைகளிலிருந்து தேதி முடிந்து திரும்பி வருகிற சரக்கைப் பின்பக்க மூலையில் அடுக்குவோம். அங்கே எலி அதிகம். சூப்பர்வைசர் அந்த மூட்டைகளுக்கு நடுவே எலி மருந்தைத் தூவிவிட்டு, சுவரில் சாக்பீஸால் எழுதிவைத்தார். எலி மருந்து வைத்திருக்கிறது, எடுக்கக் கூடாது. என்னோடு மூட்டை தூக்குகிறவர்கள் எல்லாம் வடக்கத்தி ஆட்கள். தமிழ் எழுத்து தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

“அண்ணா, என்ன எழுதி?” என்று அவர்களில் ஒருவன் கேட்டான்.

“பழைய சரக்கு. குப்பை” என்றேன்.

மூட்டையை என் சைக்கிளில் ஏற்றிவிட்டதே அவன்தான்.

அப்படியே கொடுத்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள். வீட்டில் வைத்துச் சொளகில் புடைத்தேன். எலி கடித்ததைப் பொறுக்கிப் போட்டேன். மீதியை ஈரத் துணியால் துடைத்தேன். அரிசியில் கல் பொறுக்குவதுபோல, பொறுக்கியது போக மிச்சம் சுத்தம் என்று நினைத்தேன். நினைத்தேன் என்பதுகூடச் சரியில்லை. நினைத்துக்கொண்டேன்.

வாங்குகிறவர்கள் என்றைக்கோ ஒரு துண்டு தின்பார்கள், அதனால் ஒன்றும் ஆகாது என்று வைத்திருந்தேன். ஆனால் பிரவுனிக்கு ஓரம் என்று ஒன்று இருக்கிறது. தட்டின் விளிம்பில் முறுகிப்போவதை விற்க முடியாது. நான்கு பக்கமும் சீவி எடுத்து இசைவாணி மகளுக்குக் கொடுப்பாள். மிட்டாய் உருகி வழிந்து ஓரத்தில்தான் சேரும். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அந்தப் பிள்ளை கிண்ணத்தோடு உட்கார்ந்துவிடும். தினமும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

ஒருநாள் அது தின்றுகொண்டிருந்த துண்டில் ரத்தம் இருந்தது.

“மாமா, பல்லுல ரத்தம் வருது.”

“விழுகுற பல்லு தாயி. சாணியில பொதிஞ்சு ஓட்டு மேல எறிஞ்சிரு, புதுசு முளைக்கும்.”

“ஆனா எதுவும் ஆடலையே மாமா.”

வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தேன். ஆடவில்லைதான். ஆடுகிறது என்று சொன்னேன்.

பிறகு முழங்காலெல்லாம் நீலமாகக் கன்றியது. “ஓட்டமாடி ஓடுற, ஒரு இடத்துல நின்னாத்தான” என்று இசைவாணி வைதாள். விளையாடுகிற பிள்ளைக்கு அப்படித்தான் இருக்கும் என்றேன்.

அன்றைக்கே சொல்லியிருக்கலாம். ஆனால் திருமங்கலத்திலிருந்து ஒரு பிறந்தநாள் ஆர்டர் வந்திருந்தது, நூறு துண்டு. அது முடிந்தால் பாதிக் கடனாவது அடைந்துவிடும் என்று அவளே சொன்னாள். சொல்லியிருந்தால் அவளுடைய தொழில் போகும், என் வேலை போகும், தோடும் போகும். ஆர்டர் முடியட்டும், சொல்லிவிடலாம் என்றிருந்தேன். அந்த ஆர்டருக்கும் நான்தான் மிட்டாய் கொண்டுவந்தேன். அதைத் தின்ற பிள்ளைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டேன்.

சத்யப்ரியாவுக்கு மூக்கில் ரத்தம் நிற்காமல் வந்தபோது, ஆட்டோவுக்குத் தூக்கிக்கொண்டு ஓடியவன் நான்தான். ஆஸ்பத்திரியில் டாக்டர், பிள்ளை என்ன தின்றது என்று கேட்டார்.

“எல்லாம் நான் வீட்டுல செய்றதுதான் டாக்டர், வெளிய வாங்கிக் குடுக்குறதே இல்ல” என்றாள் இசைவாணி. சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். நான் ஆமாம் என்று தலையாட்டினேன். மறுநாள் விடிவதற்குள் பிள்ளை போய்விட்டது.

எலி மருந்து என்று ஆஸ்பத்திரியிலிருந்து ரிப்போர்ட் வந்ததும், பெற்றவளே கொன்றாள் என்று அவளைக் கூட்டிவந்து உட்கார வைத்திருக்கிறீர்கள். அவளுக்கு ஒன்றும் தெரியாது. அந்தச் சுவரில் இருந்ததைப் படித்தவன் நான். அவளை விட்டுவிடுங்கள்.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. நீங்கள் அவளைக் கூட்டிவருவதற்கு முந்தைய நாள் இசைவாணி எங்கள் வீட்டுக்கு வந்தாள். அடுப்பை விற்றுவிட்டிருந்தாள். அந்தப் பணமும் ஆர்டர் பணமும் முந்தானை முடிச்சில் இருந்தது.

“எம்புள்ளையத் தூக்கிக்கிட்டு ஓடுனது நீங்கதான்ணே. உங்க கடன் என் தலையில நிக்கக் கூடாது.”

“இப்பப் போயி என்ன தாயி அவசரம்” என்றேன். சொல்லிக்கொண்டே கையை நீட்டியிருக்கிறேன். பணம் கைக்கு வந்த பிறகுதான் அது எனக்கே தெரிந்தது.

தோட்டை அன்று சாயங்காலமே மீட்டுவிட்டேன். ஜெயக்கொடி போட்டிருக்கிறாள். எட்டாயிரத்து அறுநூறும் அடைந்துவிட்டது. அடகுக் கடைக்குக் கட்டிய வட்டி என் கைக்காசு. இசைவாணியிடம் நான் ஒரு ரூபாய்கூட வட்டி வாங்கவில்லை. அதையும் நீங்கள் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும் ஐயா.