நாப்லுஸில் இரண்டு தாம்பாளம்

ஷுக்ரி: ...ரெண்டு தாம்பாளமா? உன் வீட்டுல பன்னெண்டாங் கிளாஸ் தவ்ஜீஹி பரீட்சை எழுதினது பொண்ணு ஒருத்திதானே ஃபாயிக்?

ஃபாயிக்: நீ குனாஃபா விக்கிற இனிப்புக் கடைக்காரனா, போலீஸ்காரனா? கேட்டதை எடுத்து வை.

ஷுக்ரி: ரிசல்ட் அன்னைக்கு ஊரே என் வாசல்ல நிக்குது. ரெண்டாவது யாருக்குன்னு சொன்னாத்தான் பாகு ஊத்துவேன். ரகசியமா இன்னொரு குடும்பம் கிடும்பம்...

ஃபாயிக்: இரு, இரு... போன்ல வந்துடுச்சு! எண்பத்தெட்டு! ரவந்த் எண்பத்தெட்டு!

ஷுக்ரி: மப்ரூக்! ஏய், வெளில யாராச்சும் வெடியைக் கொளுத்துங்கப்பா! இனி காலேஜ்ல அவ கேட்ட படிப்புதான்.

ஃபாயிக்: ம்...

ஷுக்ரி: என்னய்யா ‘ம்’? பொண்ணு பாஸாகியும் பேயறைஞ்ச மாதிரி நிக்கிறே?

ஃபாயிக்: இன்னொரு மெசேஜ் வரணும்... யார்கிட்டயும் சொல்லிடாதே.

ஷுக்ரி: நான் எப்பய்யா சொல்லியிருக்கேன்?

ஃபாயிக்: எப்ப சொல்லாம இருந்திருக்கே? ...இன்ஸாஃபும் எழுதியிருக்கா.

ஷுக்ரி: உன் பொண்டாட்டியா!

ஃபாயிக்: மெதுவா! கல்யாண ஒப்பந்தத்துலயே இருக்கு, படிப்பை முடிக்க விடணும்னு. நானும் கையெழுத்துப் போட்டேன். அப்புறம் குழந்தை, ஊரடங்கு, வீடு... ‘அடுத்த வருஷம், அடுத்த வருஷம்’னே பத்தொன்பது வருஷம் ஓட்டிட்டேன்.

ஷுக்ரி: வெக்கமா இல்ல?

ஃபாயிக்: இருக்குய்யா. இதுல தோத்தா இனிமே புத்தகத்தைத் தொடவே மாட்டேங்கிறா. அந்தப் பாவம் என் தலையிலதான் விடியும்.

ஷுக்ரி: யாரு சொல்லிக் கொடுத்தா அவங்களுக்கு?

ஃபாயிக்: ரவந்த்தான். சமையக்கட்டுலயே பள்ளிக்கூடம்.

ஷுக்ரி: போன்... போன் அடிக்குது பாரு!

ஃபாயிக்: இந்தா, நீயே படி.

ஷுக்ரி: என் கையெல்லாம் நெய்... இன்ஸாஃப்... தொண்ணூத்தொண்ணு! டீச்சரையே முந்திட்டாங்கய்யா!

ஃபாயிக்: அல்ஹம்துலில்லாஹ்... அல்ஹம்துலில்லாஹ்...

ஷுக்ரி: யோவ், அழுறியா?

ஃபாயிக்: ஆமா, அழுறேன். உனக்கென்ன?

ஷுக்ரி: அழு, நல்லா அழு. தாம்பாளத்துல மட்டும் கண்ணீரை விட்டுடாதே, குனாஃபா உப்புக் கரிக்கும். சரி, கிளம்பு. வீட்டுல காத்துட்டிருப்பாங்க... என்ன, இன்னும் போனையே முறைக்கிறே?

ஃபாயிக்: அது... இந்த வயசுல தனியா எழுதக் கூச்சமா இருக்குன்னா அவ. ‘நானும் எழுதறேன், வா’ன்னு...

ஷுக்ரி: நீயுமா! அப்ப மூணு தாம்பாளம்ல சொல்லியிருக்கணும்?

ஃபாயிக்: என் மூளை எனக்குத் தெரியாதா? ...இந்தா, வந்துடுச்சு. இங்கிலீஷ் புட்டுக்கிச்சு. மறுபரீட்சை எழுதணும். சிரிக்காதே!

ஷுக்ரி: யாருய்யா சிரிச்சா? சாயங்காலம் புத்தகத்தோட கடைக்கு வந்துடு. எனக்கும் காலையிலயே மெசேஜ் வந்துடுச்சு. இங்கிலீஷ்ல தேறிட்டேன்... கணக்குலதான் போயிடுச்சு.